முன்குறியில் விழுந்த வெயில்

புதிதாக இடுப்பில் ரிவால்வர் கட்டியிருக்கிற தம்பிகளே, எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது, மூச்சை எந்த இடத்தில் நிறுத்துவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். தொண்டை கிழியக் கத்துவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு குண்டு எங்கே போயிற்று, ஏன் போயிற்று என்பதை மட்டும் நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

முப்பதுகளில் நடந்தது. நம் ஊர்கள் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. தெற்குப் பிரிவுப் போலீசுக்கு ஆயுதப் பயிற்சி கொடுக்கிற இன்ஸ்பெக்டர் நான். ஆரல்வாய்மொழி மலையடிவாரத்தில் எங்கள் பயிற்சித் திடல். கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். அந்தக் காற்றில் நின்று கை பழகியவனுக்குத் திருவனந்தபுரத்துத் திடல் வீட்டு முற்றம் மாதிரி. வருஷா வருஷம் நடக்கும் ரிவால்வர் போட்டியில் கோப்பை எப்போதும் எங்களிடமே இருந்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஒரு தடவை வடக்கே போயிற்று. ஏன் போயிற்று என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ஆட்களில் முதல் கை சப் இன்ஸ்பெக்டர் தாணுலிங்கம். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளில் நானும் அவரும் ஒரே அறையில் தங்கியவர்கள். அவர் சுட்டு முடித்த குறிப்பலகையைப் பார்த்தால் ஓட்டைகள் தனித்தனியாகத் தெரியாது. நடுவில் ஒரே கிழிசலாக இருக்கும். அந்த வருஷம் திருவனந்தபுரத்துக் குறுப்பு இன்ஸ்பெக்டரைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். கோப்பை வடக்கே போன அந்த ஒரு தடவை அதைக் கொண்டுபோனவர் இந்தக் குறுப்புதான். மீசையைத் தடவிக்கொண்டு, 'அடுத்த வருஷம் காணாம்', பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

கோப்பை வந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். தை மாதம். புதுக்கடைப் பக்கம் ஒரு சந்தையில் சாயங்காலக் கூட்டம் கலைகிற நேரம். வெறி பிடித்த நாய் ஒன்று உள்ளே புகுந்து, ஒரு மாட்டையும் ஒரு மீன்காரியையும் கடித்துவிட்டது. 'பேப்பட்டி, பேப்பட்டி' என்று கத்திக்கொண்டு சனம் சிதறியது. பட்டி என்றால் அங்கே நாய். அப்போதெல்லாம் வெறிநாய்க் கடி என்றால் வீட்டில் அழத் தொடங்கிவிடுவார்கள். சந்தையின் மறுகோடியில் நின்ற தாணுலிங்கம் ஓடி வந்தார். நாய் வடக்கே இருந்து அவருக்கு நேரே, தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. அதற்கு நேர் பின்னால் வெறும் கல்சுவர், ஆள் யாரும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் துப்பாக்கியை எடுத்தார். சுட்டார்.

நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. தாணுலிங்கத்துக்கு வலப்பக்கமாக, நாய்க்குப் பின்னால், தன் வண்டிக்காளையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்ற கருவாட்டு வியாபாரி மிக்கேல் அலறிக்கொண்டு விழுந்தார். குண்டு அவர் கெண்டைக்கால் சதைக்குள் போயிருந்தது. சத்தத்தில் மிரண்ட நாய் பக்கவாட்டில் பாய, தாணுலிங்கம் ஒரு கடையின் ஓலைப் பந்தலுக்குள் ஒதுங்கி மறுபடி சுட்டார். இந்தத் தடவை குண்டு நெற்றிப்பொட்டில் இறங்கியது. நாய் அங்கேயே கிடந்தது.

மிக்கேலைக் கட்டிலில் போட்டு நெய்யூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிருக்குப் பயமில்லை, காலையும் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் நடையில் கொஞ்சம் இழுப்பு இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் அதை விபத்து என்று எழுதி மூடியிருப்பார்கள். ஆனால் அதற்கு முந்திய சந்தை நாளில் இருவருக்கும் பெரிய தகராறு நடந்திருந்தது. மிக்கேலின் வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்று தாணுலிங்கம் அவற்றை அவிழ்த்து ஓரம் கட்டவைத்தார். மிக்கேல் நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசினார். தாணுலிங்கமும் பதிலுக்கு, 'உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டார். அதிகம் பேசாத மனிதர் பேசிய அந்த ஒரு வார்த்தையைச் சந்தையே கேட்டிருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே மிக்கேல் புகார் கொடுத்தார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

"ஏமானே, நீங்களே சொல்லுங்க. சமஸ்தானத்துக்கே கோப்பை வாங்கின கையி அது. ரெண்டாவது குண்டு பட்டிக்க நெத்தியில போய் நிக்கும், மொதக் குண்டு மட்டும் வழி தெரியாம எனக்க காலுக்கு வருமா? என்னை மொடமாக்கணும்ணு நெனச்சுத்தான் சுட்டாரு. ஆக்கீட்டாரு."

சந்தையில் கூடிய சனமும் அதையே சொன்னது. தாணுலிங்கத்தை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவாயிற்று. குற்றம் என்று முடிவானால் வேலை போவதோடு ஜெயிலும் உண்டு. தம்பிகளே, இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வேறு எந்த சப் இன்ஸ்பெக்டர் தப்பாகச் சுட்டிருந்தாலும் 'கை நடுங்கிவிட்டது' என்று விட்டிருப்பார்கள். இந்த மனிதனுக்கு அவன் வாங்கிய கோப்பையே எதிர்சாட்சியாகிவிட்டது.

என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இதில் தலையிடாதே. நீ போய்ச் சாட்சி சொன்னால் போலீஸ்காரன் போலீஸ்காரனைக் காப்பாற்றுகிறான் என்பார்கள்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தக் குண்டு ஏன் வலப்பக்கம் போயிற்று?

வலக்கைக்காரன் பயத்தில் விசையை வெடுக்கென்று இழுத்தால் குண்டு இடப்பக்கம் தாழ்ந்து போகும். மூச்சு வாங்கினால் மேலும் கீழும் போகும். குழல் முனையில் இருக்கிற முன்குறியை விட்டுவிட்டு நாயின் வாயைப் பார்த்துக்கொண்டு சுட்டால் எங்கேயும் போகும். பயிற்சித் திடலில் நாள் முழுக்க மற்றவர்களின் தப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. ஓட்டை விழுந்த இடத்தைப் பார்த்தே சுட்டவன் என்ன செய்தான் என்று சொல்லிவிடுவேன். வலப்பக்கம் போவதற்கு எனக்குத் தெரிந்தவரை ஒரு வழி, விரலை விசைக்குள் அளவுக்கு மேல் நுழைத்து நெம்புவது. அந்தப் பழக்கம் தாணுலிங்கத்திடம் கிடையாது.

தக்கலையில் அவர் வீட்டுக்குப் போனேன். சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரி உள்ளே அழுதுகொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

"என்ன பார்த்தேரு வேய்? நாயையா, முன்குறியையா?" என்று நேராகக் கேட்டேன்.

"முன்குறியத்தான் பார்த்தேன்."

"ஓடி வந்த மூச்சு?"

"மூச்சு வாங்கத்தான் செஞ்சுது. ஆனா, குறி நடுவுல வந்து நின்ன பெறகுதான் விசைய அமுக்கினேன். நல்லா பளிச்சுண்ணு தெரிஞ்சுது. அது எப்படித் தப்பிச்சுண்ணுதான் எனக்குப் பிடிகிட்டல. எல்லாரும் சொல்லுத மாதிரி, எனக்கே தெரியாம மனசுக்குள்ள அவன் மேல கறுவிக்கிட்டு இருந்தேனோண்ணு கூட..."

"சும்மா இரும்" என்றேன். தோட்டா இல்லாத என் ரிவால்வரை அவர் கையில் கொடுத்து, குழலின் முனையில் ஒரு செப்புக் காசை வைத்துக் காட்டி எடுத்துக்கொண்டேன். "இப்ப வாசல்லேருந்து இங்க ஓடி வந்து அமுக்கும்."

முற்றத்தில் ஓடினார், வந்தார், நின்றார், நான் காசை வைத்தேன், அமுக்கினார். காசு அசையவில்லை. திரும்பத் திரும்பச் செய்தார். ஒரு தடவைகூட விழவில்லை. வேலை போய், பேர் கெட்டு, சோறு இறங்காமல் கிடக்கிற மனிதனின் கை அது. அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட பெருமையைக் கோப்பை வந்த அன்றுகூட அடையவில்லை. இந்தக் கை தப்பு செய்யவில்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அப்படியானால் தப்பு கண்ணுக்கு வந்திருக்க வேண்டும். கண்ணுக்கு வந்தது எது?

வீட்டை விட்டு இறங்கும்போதுதான் அவர் சொன்ன ஒரு வார்த்தை திரும்பவும் என் காதில் விழுந்தது. பளிச்சென்று தெரிந்தது என்றார். முன்குறி ஏன் பளிச்சென்று தெரிய வேண்டும்? அது கறுப்பாக அல்லவா இருக்க வேண்டும்?

சந்தை இல்லாத ஒரு நாள், சுட்ட அதே சாயங்கால நேரத்தில் அங்கே போனேன். தாணுலிங்கம் நின்ற இடத்தில் வடக்கே பார்த்து நின்றேன். வெயில் இடது தோளுக்குப் பின்னாலிருந்து சாய்ந்து விழுந்தது. ரிவால்வரை நீட்டிப் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்காக இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். குழலின் முனையில் நிமிர்ந்து நிற்கிற சின்னத் தகடு முன்குறி. கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற வெட்டு பின்குறி. வெட்டின் சரிநடுவில் தகடு நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு சந்து தெரிய வேண்டும். தகடு அரை நெல் அகலம் ஒதுங்கினால் போதும், ஒரு தென்னை நீளத்துக்கு அப்பால் குண்டு ஒரு கையகலம் விலகிவிடும்.

அன்றாடம் உறையில் உரசி உரசி அந்தத் தகட்டின் கறுப்பு வெளுத்து இரும்பு பளபளத்துப் போயிருக்கும். எல்லா ஸ்டேஷன் துப்பாக்கியும் அப்படித்தான், என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. அந்த வெயிலில் தகட்டின் இடது ஓரம் மட்டும் ஒரு வெள்ளிக் கோடாக எரிந்தது. மற்ற பாகம் எதிரே இருந்த கல்சுவரின் கறுப்போடு கலந்து காணாமல் போயிற்று. கண் என்ன செய்யும்? பளிச்சென்று தெரிவதைத்தான் தகடு என்று நினைக்கும். அந்தக் கோட்டை நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். நிறுத்திவிட்டேன் என்று மனசும் நம்பும். உண்மையில் தகடு முழுவதும் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. வெயில் இடப்பக்கம் இருந்தால் குண்டு வலப்பக்கம் ஓடும். நாயோ நேரே முகம் காட்டி வருகிறது. அதன் தலை ஒரு கையகலம்தான்.

அப்படியே நடந்து ஓலைப் பந்தலுக்குள் போய் நின்று பார்த்தேன். நிழலில் கோடு இல்லை. தகடு முழுசாகத் தெரிந்தது. இரண்டாவது குண்டு நெற்றிப்பொட்டுக்கு ஏன் போயிற்று என்பது அங்கே நின்றவுடன் விளங்கிவிட்டது. சந்தையில் ஆள் இல்லாதது நல்லதாயிற்று. நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

ஆனால் எனக்கு விளங்கினால் போதுமா? விசாரணையில் இதை நான் வாயால் சொன்னால் போலீஸ்காரன் கட்டிய கதை என்பார்கள். நானே சுட்டுக் காட்டித் தப்பவிட்டால், வேண்டுமென்றே தப்பவிட்டான் என்பார்கள். ராத்தூக்கம் போய் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மாஜிஸ்திரேட் முன்னால் எழுந்து நின்று சொன்னேன்:

"அதே இடத்தில், அதே நேரத்தில், அதே துப்பாக்கியால் சுட்டுப் பார்க்க அனுமதி வேண்டும். சுடுகிற ஆளை மிக்கேல் தரப்பே தேர்ந்தெடுக்கட்டும். சமஸ்தானத்தில் யாராக இருந்தாலும் சரி."

என் மேலதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மிக்கேலின் வக்கீல் யோசிக்கவே இல்லை. "திருவனந்தபுரத்துக் குறுப்பு இன்ஸ்பெக்டர்" என்றார். வக்கீல் கெட்டிக்காரர். குறுப்போ தாணுலிங்கத்திடம் தோற்றவர், தாணுலிங்கம் ஒழிந்தால் கோப்பை யாருக்குப் போகுமோ அவர், உயிரைக் கொடுத்தாவது குறியில் அடிக்கப் பார்ப்பவர். இருந்தாலும் தலையாட்டினேன். குறுப்பை விடப் பெரிய கை இல்லை. அந்தக் கையே தப்பினால் பிறகு பேச்சுக்கே இடமில்லை.

குறித்த நாள் வானம் சுத்தமாக இருந்தது. சனத்தைப் பின்னால் ஒதுக்கி நிறுத்திச் சுற்றிக் காவல் போட்டோம். கல்சுவருக்கு முன்னால் மணல் மூட்டைகளை அடுக்கினோம். நாயின் முகமும் நெஞ்சும் தெரிகிற மாதிரி ஆசாரி செதுக்கிய பலகையை அதன் இடத்தில் நட்டோம். மிக்கேல் நின்ற இடத்தில் ஒரு கம்பை நட்டேன். மாஜிஸ்திரேட் நாற்காலியில் உட்கார்ந்தார். மிக்கேலை வண்டியில் கொண்டுவந்து, காலை நீட்டி ஒரு கட்டிலில் உட்காரவைத்திருந்தார்கள். தாணுலிங்கம் தூரத்தில் தனியாக நின்றார்.

குறுப்பு தயார் என்றார். தாணுலிங்கம் ஓடி வந்த தூரம் அவரும் ஓடி வந்தார். நின்றார், துப்பாக்கியை நீட்டினார், சுட்டார்.

பலகையின் நடு நெற்றியில் ஓட்டை.

கூட்டத்தில் ஒரு ஆரவாரம் எழுந்தது. "கண்டியளா? கண்டியளா?" என்று மிக்கேல் கட்டிலில் இருந்தபடியே கத்தினார். வக்கீல் சால்வையைச் சரிசெய்துகொண்டார். மாஜிஸ்திரேட் பேனாவைத் திறந்தார். தாணுலிங்கத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. எங்கே தப்பினேன்? வெயில் இருக்கிறது, இடம் சரி, துப்பாக்கி அதேதான். என் மூளை ஓடவில்லை.

அப்போது குறுப்பு துப்பாக்கியை இறக்கிப் பிடித்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போனார்.

"எஜமானே, எழுதண்டாம். ஒரு காரியம் உண்டு."

"என்ன?"

"சுடுறதுக்கு முந்தி அந்த வண்டிக்கு மறவில நின்னு நான் முன்குறியில கற்பூரப் புகை பிடிச்சேன். போட்டிக்குப் போனா எல்லாரும் அப்படித்தான் கறுப்பாக்குவோம். எனக்கு அது பழக்கம் ஆயிப்போச்சு, கை தானா செஞ்சுது. சந்தையில தாணுலிங்கத்துக்குக் கற்பூரம் கொளுத்த நேரம் எவிடே? அவரு சுட்ட துப்பாக்கியும் நான் சுட்ட துப்பாக்கியும் ஒண்ணு அல்ல."

வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். "உங்களை நாங்கள் அழைத்தது எதற்கு?" என்று கேட்டேவிட்டார்.

"சுடுறதுக்கு. கள்ளம் பறையறதுக்கு அல்ல" என்றார் குறுப்பு.

வாயை மூடிக்கொண்டு அவர் சும்மா நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அடுத்த வருஷக் கோப்பை மட்டுமல்ல, அதற்கு அடுத்ததும் அவருக்குத்தான். தம்பிகளே, எந்தப் பிரிவில் வேலை பார்த்தாலும், எத்தனை கோப்பை தோற்றாலும், அந்த மனிதரைப் போல ஒருவர் நம் தொழிலில் இருந்தார் என்று நீங்கள் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார். குறுப்பு தன் கைக்குட்டையால் தகட்டைத் துடைத்தார். எல்லாரும் பார்க்கும்படி துடைத்தார். மறுபடி ஓடினார், வந்தார், நின்றார். இந்தத் தடவை நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அவசரப்படவில்லை. தப்பவிட வேண்டும் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. அடிக்க வேண்டும் என்ற வெறிதான் இருந்தது. சுட்டார்.

பலகையில் புதிய ஓட்டை இல்லை. பலகைக்கு வலப்பக்கமாகக் கடந்து போய், மிக்கேலுக்காக நட்டிருந்த கம்புக்கு இரண்டு விரல் தள்ளி, மணல் மூட்டையின் அடியில் குண்டு இறங்கியிருந்தது. பொடிமணல் அங்கிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு தடவை" என்றார் குறுப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு. மாஜிஸ்திரேட் சம்மதித்தார். மறுபடியும் வலப்பக்கம். குறுப்பு துப்பாக்கியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு தூரத்தில் நின்ற தாணுலிங்கத்தைப் பார்த்து மெதுவாகத் தலையை அசைத்தார்.

எனக்குப் போதும். மாஜிஸ்திரேட்டுக்கும் போதும் என்று அவர் முகம் சொல்லியது. ஆனால் மிக்கேல் கட்டிலில் இருந்து கையை ஓங்கினார்.

"போலீசும் போலீசும் கூடி ஆடுத களி இது! அவரு வடக்கன், இவரு தெக்கன், ரெண்டு பேரும் உடுத்திருக்கது ஒரே காக்கியாக்கும். வெயிலாம், தகடாம்! எனக்க காலு போனது எனக்குல்லா தெரியும்?"

சுற்றி நின்ற கடற்கரைச் சனம் முணுமுணுத்தது. தீர்ப்பு எப்படி வந்தாலும் இந்த மனிதன் வாழ்நாள் முழுக்க, தன்னை ஒருவன் வேண்டுமென்றே முடமாக்கினான் என்று நினைத்துக்கொண்டே நொண்டி நடப்பான். தாணுலிங்கமும் இதே சந்தையில்தான் காவல் நிற்க வேண்டும். பக்கம் பக்கமாகத் தீர்ப்பு எழுதினாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

நான் குறுப்பிடமிருந்து துப்பாக்கியை வாங்கினேன். தோட்டாக்கள் எல்லாவற்றையும் உருவினேன். வெறுமையான தோட்டா உருளையை மாஜிஸ்திரேட்டிடம் காட்டினேன். நேரே மிக்கேலிடம் போய் அதை அவர் கையில் கொடுத்தேன்.

"என்ன செய்கிறாய்?" என்று என் மேலதிகாரி பாய்ந்து வந்தார். விசாரணைச் சாமானை, அதுவும் துப்பாக்கியை, புகார் கொடுத்தவன் கையில் கொடுப்பதென்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. மாஜிஸ்திரேட் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்வேன்.

"இவரைத் தூக்கி அந்த இடத்தில நிறுத்துங்க" என்றேன். இரண்டு பேர் தோள் கொடுத்து மிக்கேலைத் தாணுலிங்கம் சுட்ட இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒற்றைக் காலில் நின்றார். "நான் ஒண்ணும் சொல்லித்தரமாட்டேன். இந்த வெட்டு வழியா குழல் முனையில உள்ள குச்சிய நோக்கும். என்ன காணுதுண்ணு நீரே சொல்லும்."

மிக்கேல் என்னை முறைத்தார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வலை பின்னுகிறவனைப் போல் உற்றுப் பார்த்தார்.

"குச்சியக் காணல" என்றார். "ஒரு ஓரம் மட்டும் மினுங்குது. எடப்பக்கத்து ஓரம். மீன் செதிலு மாதிரி. மத்தது இல்ல."

"அத நடுவுல கொண்டுவந்து நிறுத்தும்."

நிறுத்தினார். நான் பின்னாலிருந்து என் குடையை விரித்து, அவர் கைக்கும் துப்பாக்கிக்கும் நிழல் விழும்படி பிடித்தேன்.

மிக்கேல் கண்ணை எடுக்காமல் வெட்டுக்குள்ளேயே பார்த்தார். நான் குடையை விலக்கினேன். பிறகு மறுபடி பிடித்தேன். விலக்கினேன்.

"அம்மச்சியே" என்றார் மெல்ல. "குச்சி வலத்த போய்ல்லா நிக்குது! நான் நடுவுலண்ணு நெனச்சுட்டு இருக்கேன், அது அங்க போய் நிக்குது!"

துப்பாக்கியைத் தாழ்த்தினார். மணல் ஒழுகிக்கொண்டிருந்த மூட்டையைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"அப்ப இந்த வெயிலாக்கும் எனக்க காலத் தின்னுது" என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டிய கையில் துப்பாக்கி இருந்தது.

புகாரை விட்டுவிடுவதாக அன்றைக்கே மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னார். வக்கீல் ஏதோ காதில் சொல்லப் பார்த்தார். "நீரு சும்மா இரும், நான் கண்ணால கண்டாச்சு" என்று அவரை அடக்கிவிட்டார். தாணுலிங்கம் குற்றமற்றவர் என்று பிறகு எழுத்தில் வந்தது. அந்த மாதமே, நம் பிரிவில் உள்ள எல்லாத் துப்பாக்கியின் முன்குறியையும் அரம் போட்டுச் சொரசொரப்பாக்கி, வெயில் பட்டாலும் மின்னாதபடி கறுப்பேற்ற உத்தரவு வாங்கினேன். வடக்கே அதைச் செய்ய மேலும் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். நாம்தான் முதலில் செய்தோம். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

கை பழகினால் போதும் என்று நினைக்காதீர்கள். தாணுலிங்கத்துக்கும் குறுப்புக்கும் இல்லாத கையா? வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று, துப்பாக்கியை எடுக்கும் முன் ஒரு நொடி பாருங்கள். முடிந்தால் நிழலுக்குப் போங்கள். கண் பளிச்சென்று காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். எதிரே நிற்பவன் என்ன நினைத்துச் செய்தான் என்று முடிவுகட்டும்போதும் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் சந்தையில் நடந்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்து, மிக்கேலிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. என்னைத் தாண்டிப் பார்த்து, "தாணுலிங்கம் ஏமானே, இஞ்ச வாரும்" என்று கூப்பிட்டார். தாணுலிங்கம் தயங்கித் தயங்கி வந்து எதிரே நின்றார். மிக்கேல் துப்பாக்கியைத் திருப்பி, கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"பிடியும்" என்றார். "இனி குச்சியில கரி பூசீட்டு நடயும்."